எலிக்குப் பதிலாக அச்சான மாத்திரை அட்டை

பத்திரிகையின் மருத்துவப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அதன் பழைய ஆசிரியரான என்னிடம் சொன்னார்கள். தலைப்பின் நீளம், பேட்டி எடுக்கும் முறை, பிழை திருத்தம் எல்லாவற்றையும் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். சொல்லித் தராவிட்டாலும் வேலை பார்க்கப் பார்க்க வந்துவிடும். நான் சொல்ல நினைப்பது படத்தைப் பற்றி. ஒரு வரிகூடத் தவறில்லாத, மருத்துவரே படித்துச் சரி பார்த்த ஒரு கட்டுரை ஒரு மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கப் பார்த்தது. கட்டுரையில் குற்றமில்லை. பக்கத்தில் போட்ட படம் செய்த வேலை அது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த எரிச்சல் எனக்குத் தீரவில்லை.

விஷயம் இதுதான். உயர் ரத்த அழுத்தம் சிறுநீரகம், இதயம், மூளை எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் கெடுக்கும் என்பது தெரிந்த செய்தி. அழுத்தம் மட்டுமே கெடுப்பதில்லை, அந்த உறுப்புகளுக்குள் உண்டாகும் அழற்சியும் சேர்ந்து கெடுக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அங்கே போய்க் குவிந்து, திசுக்களைப் புண்ணாக்கித் தழும்பாக்கிவிடுகின்றன. அந்தக் குவியலை அடக்கும் சில மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்தபோது உறுப்புகளின் சேதம் குறைந்தது. சில சமயம் அழுத்தம் பெரிதாக இறங்காதபோதும் குறைந்தது. சுவாரசியமான செய்திதான். ஆனால் எலிச் செய்தி. மனிதர்களுக்கு வரப் பல காலம் ஆகலாம், வராமலே போகலாம்.

இதை அடையாற்றில் இருக்கும் ஒரு சிறுநீரக மருத்துவர் எங்கள் நிருபரிடம் பொறுமையாக விளக்கினார். அந்தப் பெண்ணும் பொறுமையாக எழுதினாள். முதல் பத்தியில் எலி இருந்தது. கடைசிப் பத்தியில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது: மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளும் அழற்சியைக் குறைப்பவைதான், ஆனால் இந்த ஆய்வுகள் பேசுவது அவற்றை அல்ல. அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும். இதைவிடத் தெளிவாக நானே எழுதியிருக்க மாட்டேன். பக்கத்தைப் படித்து ஒப்புக்கொண்டு வேறு வேலைக்குப் போனேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம் இல்லாமல் கட்டுரை போகாது. படத்தைத் தேர்ந்தெடுப்பது படப் பிரிவு. அங்கே இருப்பவர்கள் கட்டுரையைப் படிப்பதில்லை, தலைப்பை மட்டும் பார்ப்பார்கள். தலைப்பில் ரத்த அழுத்தம், உறுப்பு, பாதுகாப்பு, மருந்து என்று நான்கு சொற்கள் இருந்தன. மருந்து என்றால் மாத்திரை. பட வங்கியில் மாத்திரை என்று தேடியதும் ஓர் அட்டை வந்தது. அதைப் போட்டுவிட்டார்கள். அட்டையில் இருந்த பெயரை நாணயமாக மங்கலாக்கியும் விட்டார்கள். அட்டையின் வடிவம் மங்கவில்லை. இந்த ஊரில் முட்டி வலி உள்ள எவரைக் கேட்டாலும் அந்த வடிவத்தைப் பார்த்தே எந்த மாத்திரை என்று சொல்லிவிடுவார்கள்.

காலையில் பேப்பரைப் பிரித்ததும் படப் பிரிவுக்குப் போன் செய்தேன்.

"எலியைப் பத்தின கட்டுரைக்கு வலி மாத்திரை அட்டையை ஏன் போட்டீங்க?"

"எலியா? சாப்பிடற நேரத்துல எலிப் படத்தை யாரு மேடம் பார்ப்பாங்க? மாத்திரைன்னா மாத்திரைதானே?"

செய்தி ஆசிரியரிடம் போனேன். திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன். அவர் கட்டுரையை முழுக்கப் படித்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும், அச்சான பிறகு அதை முழுக்கப் படித்த முதல் ஆள் அவர்தான். பிறகு நிமிர்ந்து, "எழுத்துல ஒரு தப்பும் இல்லையே. எதைத் திருத்தறது?" என்றார்.

"படத்தை."

"திருத்தம்னா பேர் தப்பு, ஊர் தப்பு, தேதி தப்பு. படத்துக்குத் திருத்தம்னு ஒண்ணு நாம போட்டதே இல்லை. வேணும்னா, அந்தப் படம் கட்டுரையோடு தொடர்புடையதல்லன்னு ரெண்டு வரி போடலாம்."

எந்தப் படம், எந்தக் கட்டுரை, என்ன தொடர்பு? தவறைத் திரும்பச் சொல்லாமல் திருத்துவது எங்கள் பத்திரிகையின் இன்னொரு வழக்கம். அதனால் எங்கள் திருத்தங்களைப் படித்து யாரும் எதையும் திருத்திக்கொண்டதில்லை. அந்த இரண்டு வரியும்கூடக் கடைசியில் இடமில்லை என்று போய்விட்டது.

அன்று முழுக்கப் பாராட்டு வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பக்கத்துக்கு அளவுக்கு மீறிப் பாராட்டு வந்தால் உடனே பக்கத்தை எடுத்து மறுபடி பாருங்கள், எங்கோ தப்பு நடந்திருக்கிறது. நடைப்பயிற்சி நண்பர் குழுவின் சார்பாக ஒருவர் நன்றி சொன்னார். மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, "ரொம்ப உபயோகமான விஷயம் போட்டிருக்கேள். முட்டிக்கும் ஆச்சு, கிட்னிக்கும் ஆச்சு" என்றார். கடைசிப் பத்தியைப் படித்தீர்களா என்று கேட்டேன். கண்ணாடி மாற்றக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் எச்சரிக்கையைப் படித்துக் காட்டினேன். கூப்பிடாதவர்களை என்ன செய்வது? தலைப்பையும் அட்டையையும் மட்டும் வெட்டி எடுத்து யாரோ வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். அது என் சகோதரிக்கு வந்து, அவள் மூலம் எனக்கே வந்து சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கஸ்தூரி என்ற பெண்மணி சைதாப்பேட்டையிலிருந்து கூப்பிட்டார். மார்க்கெட்டில் கீரை விற்பவர். கணவர் ஏகாம்பரம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்.

"நீங்கதான் அந்த மாத்திரை போட்டவங்களா?"

"எந்த மாத்திரைம்மா?"

"இன்னா மேடம், எந்த மாத்திரைன்னு என்னியே கேக்கறீங்க? ஊரெல்லாம் போனுல சுத்திக்கினு கீது. ப்ரஷரு இருந்தாலும் கிட்னி கெடாதுன்னு படம் போட்டீங்களே, அந்த மாத்திரை. எங்க வூட்டுக்காரரு போனை எடுத்துனு போய் மெடிக்கல்ல காட்டுனாரு, அவனும் எடுத்துக் குடுத்துட்டான். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"ப்ரஷர் மாத்திரை?"

"அத்த நிறுத்திட்டாரு. அதுக்கு இது மேலுன்றாரு. முட்டி வலியும் இல்லியா, ஒரே குஷி. ஆனா காலைப் பாத்தா பயமா கீது மேடம். விரலை வெச்சு அமுக்குனா குழி வுழுது. குழி அப்டியே நிக்கிது. காலைல எழுந்தா மூஞ்சி இட்லி மாதிரி உப்பிக் கெடக்குது."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். ஏகாம்பரம் தெளிவாக, ஒரு பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் பேசினார். அந்த மாத்திரையை நிறுத்துங்கள், படம் தவறாக வந்துவிட்டது என்றேன்.

"தவறா வந்துச்சுன்னு பேப்பர்ல போட்டீங்களா?"

"இல்லை."

"அப்போ எப்டி மேடம்? சர்வீஸ்ல இருந்த காலத்துலேந்து உங்க பேப்பர்தான் படிக்கிறேன். பேப்பர்ல வந்தத நம்பறதா, போனுல யாரோ ஒரு அம்மா சொல்றத நம்பறதா? போனுல ஓடிபி கேக்கறவன்கூட மேனேஜரு பேசறேன்னுதான் சொல்றான்."

"நான் அந்தப் பக்கத்தோட ஆசிரியர் பேசறேன்."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. பேப்பர்ல போடுங்க, நிறுத்தறேன்."

பத்திரிகையில் வந்ததை நம்பு என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர்கள் நாம்தானே.

அடையாறு மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் கொதித்துப்போனார். "அம்மா, நான் சொன்னது எலிக்கு. அதுவும் வேற மருந்து. இந்த அட்டை எங்கேர்ந்து வந்தது? ப்ரஷர் இருக்கிறவர், ப்ரஷர் மாத்திரையையும் விட்டுட்டு இதை ரெண்டு வேளை போட்டா கிட்னி என்ன ஆகும்?" கொஞ்சம் அடங்கியதும் கேட்டார்: "மூச்சு வாங்குதா? யூரின் குறைஞ்சிருக்கா? அப்படின்னா இப்பவே தூக்கிட்டு வரச் சொல்லுங்க. இல்லேன்னாலும் ஒவ்வொரு மாத்திரையும் கூடுதல் சேதம். முதல்ல அது நிக்கணும். அப்புறம் ரத்தம் பார்த்துட்டு ப்ரஷருக்கு என்ன தரணும்னு நான் சொல்றேன்."

கஸ்தூரியிடம் கேட்டேன். மூச்சு வாங்கவில்லை, சத்தம் போடுவதில் குறைவே இல்லை என்றார். சிறுநீர் கொஞ்சம் குறைந்திருக்கலாம், சரியாகத் தெரியவில்லை.

அன்று மாலை நாலு மணிக்கு அடுத்த நாளைய மருத்துவப் பக்கம் முடிய வேண்டும். பாதிப் பக்கம் தயாராக இருந்தது. இன்னொரு கட்டுரைக்கு இடம் உண்டு, எழுதுவதும் பெரிய காரியமில்லை. படம் எது என்பதுதான் கேள்வி. அதே அட்டையைத் திரும்பப் போட்டால், படம் மட்டும் பார்ப்பவர்கள் இரண்டாம் முறையும் கடைக்குப் போவார்கள். படமே இல்லாமல் போட்டால், படம் பார்த்துக் கெட்டவர்கள் கண்ணில் அது படாது. கஸ்தூரி சொன்ன குழி என் மனதைவிட்டுப் போகவில்லை. படம் எடுக்க வருவதாகக் கஸ்தூரியிடம் போனில் சொல்லிவிட்டு, எங்கள் புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்குப் போனேன்.

ஏகாம்பரம் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, விபூதி வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"காலைத்தான் எடுக்கப் போறோம்" என்றேன்.

"இருக்கட்டும் மேடம். ஆங்கிள்ல மூஞ்சி வந்தாலும் வரும்."

"மூஞ்சியும் உப்பித்தான் கீது, அத்தயும் எடுத்துக்கங்க" என்றார் கஸ்தூரி.

"நீ கம்னு இரு."

"நானு கம்னு இருந்துதான் காலு இப்டி ஆயிருச்சு."

பெயரோ முகமோ வராது, கால் மட்டும் வரும், சம்மதமா என்று கேட்டேன். கால் தன்னுடையது என்று தெருவுக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். கஸ்தூரி கணவரின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அந்த நகத்தில் கீரைக் கறை இருந்தது. விரலை எடுத்ததும் ஒரு புளியங்கொட்டை புதைகிற அளவுக்குப் பள்ளம். அது நிரம்பவில்லை. புகைப்படக்காரர் நிதானமாகக் குனிந்து, கோணம் மாற்றி, திரும்பவும் எடுக்கிற வரைக்கும் நிரம்பவில்லை. ஏகாம்பரம் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "வெயிலு ஜாஸ்தி, அதான்" என்றார்.

ஒப்பந்தம் பேசினோம். இன்று ராத்திரி மாத்திரை கிடையாது. நாளைக் காலை பேப்பரில் அவர் கால் வந்து, அதன் பக்கத்தில் மாத்திரை தப்பு என்று இருந்தால், நேராக அடையாறு மருத்துவரிடம் போவார். இப்போதே போகலாமே என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார்.

"வரலன்னா?"

"வரலன்னா காலைல டீ குடிச்சிட்டு ஒண்ணு போட்டுக்குவேன். கண்டக்டர் ஒரு பேச்சுதான் பேசுவான் மேடம்."

அலுவலகத்துக்குத் திரும்பிக் கட்டுரையை எழுதி முடித்தபோது படப் பிரிவு பக்கத்தை வடிவமைத்தே விட்டிருந்தது. தலைப்பு என்னுடையது: ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தாங்களாகச் சாப்பிட வேண்டாம். அதன் பக்கத்தில் அதே அட்டை. நம்புங்கள், அதே அட்டை. இந்த முறை அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. போட்டவருக்கு அதில் பெருமை வேறு.

"சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும் மேடம்."

"மருத்துவப் பக்கம் கறுப்பு வெள்ளைங்க. சிவப்பு சாம்பலாத்தான் வரும்."

அவர் பக்கத்தைப் பார்த்தார். அதை யோசிக்கவில்லை என்றார். அட்டையை எடுக்க வைத்து, கால் படத்தைப் போட வைத்தேன். அங்கிருந்து நகரவில்லை. நான் நகர்ந்தால் அந்த அட்டை மறுபடி வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலு மணி நெருங்கும்போது செய்தி ஆசிரியர் வந்தார். காலைப் பார்த்து முகம் சுளித்தார். "காபி குடிக்கிற நேரத்துல இதையா காட்டப் போறோம்?" பிறகு கட்டுரையைப் படித்து ஒரு வரியில் விரலை வைத்தார். இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் வெளியான படத்தில் இருந்தது வலி மாத்திரை, ஆய்வில் பேசப்படும் மருந்து அதுவல்ல, அதைப் பார்த்து மாத்திரை வாங்கியவர்கள் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவும் என்ற வரி.

"இது நாமே தப்புன்னு ஒத்துக்கற மாதிரி இருக்கு."

"தப்புதானே?"

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. கால் வேணுமா, இந்த வரி வேணுமா? ரெண்டும் ஒரே பக்கத்துல வேண்டாம். வரி இல்லேன்னா கால் இருக்கட்டும்."

கால் இல்லாவிட்டால் ஏகாம்பரம் காலையில் மாத்திரை போடுவார். வரி இல்லாவிட்டால், கண்ணாடி மாற்றக் கொடுத்த பெரியவரும், நடைப்பயிற்சி நண்பர்களும், போனில் படம் பார்த்துக் கடைக்குப் போன இன்னும் எத்தனையோ பேரும் போடுவார்கள். விவாதிக்க நேரம் இல்லை, கீழே அச்சகத்திலிருந்து பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விவாதித்தால் இரண்டும் போய், யோகாசனப் படம் ஒன்று வந்துவிடும் அபாயமும் இருந்தது.

"சரி, கட்டுரையிலிருந்து வரியை எடுத்துடறேன்" என்றேன். அவர் கண் முன்னால் எடுத்தேன். "காலுக்குக் கீழே படக்குறிப்பு என்ன போடட்டும்?"

"ஏதாவது போடுங்க" என்றார், வாசல் பக்கம் திரும்பியபடி.

அந்த வரியைப் படக்குறிப்பாகப் போட்டேன். எல்லாப் பத்திரிகை அலுவலகத்திலும் இதுதான் நிலைமை: அச்சுக்குப் போகும் முன் படக்குறிப்பை எவரும் படிப்பதில்லை. அச்சான பிறகு வாசகர் முதலில் படிப்பது அதைத்தான். செய்தி ஆசிரியர் மறுநாள் அதைப் பார்த்துவிட்டு என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. ஏதாவது போடச் சொன்னவர் அவரே என்பதால் எதுவும் கேட்கவும் இல்லை. இந்த உத்தியை நீங்கள் அடிக்கடி செய்யாதீர்கள். படத்தை நீங்களே பார்த்து ஒப்புக்கொள்ளாமல் பக்கத்தை விடாதீர்கள். அதைச் செய்திருந்தால் இந்த உத்தியே தேவைப்பட்டிருக்காது என்பதுதான் எரிச்சல்.

காலையில் ஏகாம்பரமே கூப்பிட்டார்.

"இன்னா மேடம், காலு இத்தினி மோசமாவா கீது?"

"நேத்து நீங்க பார்த்தீங்களே."

"வூட்ல பாத்தா தெரியல மேடம். பேப்பர்ல பாத்தாதான் தெரியுது. டீக்கடைல வெச்சிருந்தேன், நாலு பேரு பாத்துட்டு யாரு காலுய்யா இதுன்றான். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. தோ, கெளம்பிட்டேன்."

மதியம் மருத்துவர் பேசினார். "உங்க கால் வந்திருக்கு" என்றார். அன்றைக்கு முதல் முறையாக அவர் குரலில் கோபம் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருப்பது தெரிந்தது. இன்னும் சில வாரம் போட்டிருந்தால் பேச்சே வேறு. இப்போது நிறுத்தியதால் திரும்பிவிடும் என்று நினைக்கிறார், ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையைத் தினமும், விடாமல் போட வேண்டும். "அதுல மட்டும் எனக்குச் சந்தேகமா இருக்கு. இது எந்தப் பேப்பர்ல வந்ததுன்னு என்னையே கேக்கறார்."

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் பாராட்டு இல்லை. திட்டுதான். முதலிலேயே சொல்லக் கூடாதா, எத்தனை மாத்திரை விழுங்கியிருக்கிறோம் தெரியுமா என்று பலர் திட்டினார்கள். நியாயமான திட்டு. ஒவ்வொரு திட்டுக்கும் ஒருவர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார் என்று அர்த்தம்.

சில மாதங்கள் கழித்து கஸ்தூரி கூப்பிட்டார். வீக்கம் வடிந்துவிட்டது, ரத்தத்தில் ஏறியிருந்த கிட்னி கணக்கும் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். முட்டி வலிக்கு டாக்டர் வேறு ஏதோ கொடுத்து, உடற்பயிற்சியும் சொல்லியிருக்கிறார். அது பாதி நாள் நடக்கிறது.

"ப்ரஷர் மாத்திரை தினமும் போடறாரா?"

"போடாம? பேப்பர்ல வந்து கீதுன்னு சொல்லிக் குடுக்கறேன். கம்னு முழுங்கிடறாரு."

"நாங்க அப்படி ஒண்ணும் போடலையேம்மா."

"போட்டா இன்னா, போடாட்டி இன்னா மேடம்? அவரு இன்னா படிக்கவா போறாரு? படந்தானே பாக்கறாரு."